தொட்டி மூடியைத் தேடி: செபராங் பிறைக் குறிப்புகள்

ஜூலை 13, ஞாயிறு. பட்டர்வொர்த், ஜார்ஜ் டவுன்

பள்ளிக் கழிவறைகளைப் பார்க்கும் வேலை, முழுக்கப் பினாங்கு மாநிலத்தின் பெருநிலத்தில், செபராங் பிறையில். ஆனால் பினாங்குக்கு வந்துவிட்டுத் தீவில் கால் வைக்கவில்லை என்று சொன்னால் கோலாலம்பூரில் யாரும் நம்பமாட்டார்கள். பட்டர்வொர்த்தில் மூட்டை முடிச்சை இறக்கிய கையோடு ஃபெர்ரி ஏறினோம். ஆளுக்கு 2 வெள்ளி (ரிங்கிட்). 2023-இல் வந்த புதுப் படகுகளில் கார் ஏறாது. ஆளும் மோட்டார் சைக்கிளும்தான். உள்ளே குளிர்சாதனம். கடலைக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது என்னவோ போலத்தான் இருந்தது.

லெபோ பாசாரில் வாழையிலைச் சாப்பாடு 12 வெள்ளி. பரிமாறிய அக்கா கேட்காமலேயே இரண்டாம் தடவை ரசம் ஊற்றினார். "குடிங்க தம்பி, வெயில்ல வந்திருக்கீங்க." கோழிப் பிரட்டலுக்கு 7 வெள்ளி தனி, அதைப் பில் வந்த பிறகுதான் சொன்னார்கள்.

வயிறு நிறைந்ததும் சந்துகளில் நடந்தோம். இப்போது சுவரோவியமும் செல்ஃபியுமாகக் கிடக்கும் இந்தப் பின்சந்துகள் ஒரு காலத்தில் கடைவீடுகளின் மலவாளிகளை எடுத்துப்போக விட்ட வழி. ஓரிடத்தில் பின்சுவரின் அடியில், வாளியை வெளியே இழுக்கும் பொந்தைச் செங்கல் வைத்து அடைத்திருந்த தடம் தெரிந்தது. அதன்மேல் ஒரு பெண் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டாள். நாங்கள் அந்தப் பொந்தைப் படம் எடுத்தோம். அவள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

வந்த காரியம் இது. தோட்டத்தை ஒட்டிய ஒரு தமிழ்ப்பள்ளிக்குப் புதுக் கழிவறைக் கட்டடம் கட்ட நன்கொடை கிடைத்திருக்கிறது. பகுதி உதவி பெறும் பள்ளி. ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்துடையது, நிலம் தோட்டத்துடையது, ஒழுகும் கூரையும் அடைத்த குழாயும் மேலாளர் வாரியத்தின் தலையில். காசைக் கொட்டுவதற்கு முன் ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். எங்களோடு குழாய் வேலையில் ஊறிய ஓர் அண்ணன், ஓய்வுபெற்ற தாதி அக்கா ஒருவர்.

ஜூலை 14, திங்கள். நிபோங் திபால் பக்கம்

விடியற்காலை சுமத்ராக் காற்று தகரக் கூரையைத் தூக்கி அடித்துவிட்டுப் போனது. ஏழு மணிக்கெல்லாம் ஒன்றும் நடக்காதது போல் வெயில். சாலையோரக் கடையில் பசியாறினோம்: ரொட்டி சானாய் ஒன்று 1 வெள்ளி 70 சென், தே தாரேக் 2 வெள்ளி 20.

பள்ளியில் 84 பிள்ளைகள்: பெண் 46, ஆண் 38. ஆசிரியர், பணியாளர் 12 பேர். காலை எட்டு மணிக்குக் கழிவறை கல்யாண வீடு மாதிரி மணத்தது. விருந்தாளி வருகிறார்கள் என்று தெரிந்தால் எந்தப் பள்ளியிலும் அப்படித்தான் இருக்கும். பள்ளிக் கழிவறையைக் காலையில் பார்த்துப் பிரயோசனமில்லை. ஓய்வுநேர மணி அடித்த பத்தாவது நிமிடத்தில் பார்க்க வேண்டும்.

பார்த்தோம். பெண்கள் பக்கம் நான்கு அறை. ஒன்றில் ஆசிரியைகளுக்கென்று பூட்டு. ஒன்றில் உடைந்த நாற்காலிகள், போன வருட விளையாட்டுப் போட்டிக் கொடிகள். மூன்றாவதில் தாழ்ப்பாள் இல்லை. தாழ்ப்பாள் இல்லாத அறைக்குள் தோழி போக, இரண்டாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி வெளியே நின்று ஒரு காலால் கதவை முட்டுக்கொடுத்துக்கொண்டே நாசி லெமாக் பொட்டலத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் முறை வருவதற்குள் மணி அடித்துவிட்டது. போகாமலேயே வகுப்புக்கு ஓடினாள்.

உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டியில் 25 பெண் பிள்ளைகளுக்கு ஒரு கழிவறை. 50 ஆண் பிள்ளைகளுக்கு ஒரு கழிவறையும் ஒரு சிறுநீர்த் தொட்டியும், அல்லது 50 செ.மீ. சிறுநீர்ச் சுவரும். அந்தக் கணக்கில் 46 பேருக்கு இரண்டு போதும். ஆனால் பிள்ளைகள் நாள் முழுக்கச் சீராகப் பிரிந்து போவதில்லை. ஓய்வுநேரம் 20 நிமிடம். பாதிப் பேர், 23 பேர், போகிறார்கள் என்றே வையுங்கள். ஆளுக்கு 2 நிமிடம். ஓர் அறை என்றால் 46 நிமிடம் வேண்டும், இரண்டு என்றால் 23, மூன்று என்றால் 15. மூன்று அறை வேலை செய்தால்தான் 20 நிமிடத்துக்குள் அடங்கும். மூன்று அறை ஏற்கெனவே அங்கே இருக்கிறது! நாற்காலிகளை வெளியே எடுக்க வேண்டும், 6 வெள்ளிக்கு ஒரு துருப்பிடிக்காத தாழ்ப்பாள் வாங்க வேண்டும், அவ்வளவுதான். முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு எட்டும்படி தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் அடிக்கச் சொன்னோம். சின்ன வகுப்புக்கும் பெரிய வகுப்புக்கும் ஓய்வுநேரத்தைப் பத்து நிமிடம் முன்பின்னாக மாற்றினால் இன்னும் சுலபம்.

தாதி அக்கா கழிவறைப் பக்கமே வரவில்லை. பகல் ஒரு மணிக்கு வகுப்பறைக்குள் போய்த் தண்ணீர் போத்தல்களைத் தூக்கிப் பார்த்தார். பெண் பிள்ளைகளின் போத்தல்கள் பெரும்பாலும் நிறைந்தே இருந்தன. போகப் பிடிக்காததால் குடிப்பதில்லை. சிறுநீர்க் கடுப்பும் மலச்சிக்கலும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. "கழிவறை நல்லாயிருக்கான்னு எஞ்சினியரைக் கேக்காதீங்க, போத்தலைப் பாருங்க" என்றார்.

ராத்திரி மீ ஊடாங் 15 வெள்ளி. இறால் பெரிசு, குழம்பு கொஞ்சம் தித்திப்பு.

ஜூலை 15, செவ்வாய். அதே பள்ளி

இன்றைய பொழுது முழுக்க ஒரு மூடிக்குப் போனது.

புகார் என்னவென்றால், மழை பெய்தால் தண்ணீர் இறங்குவதில்லை, கழிவறைப் பேசின் நிரம்பி வழிகிறது. அடைப்புநீக்கி மாவு, கம்பி, ரப்பர் தட்டி எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டார்கள். பழைய கட்டடம் சரியில்லை, புதிது கட்டினால்தான் விடியும் என்று முடிவுக்கு வந்ததே இதனால்தான். அண்ணன் முதலில் கட்டடத்துக்கும் செப்டிக் தொட்டிக்கும் நடுவே உள்ள மேன்ஹோலைத் திறந்தார். அது காய்ந்திருந்தால் அடைப்பு கட்டடப் பக்கம். நிரம்பி நின்றால் அடைப்பு அதற்கு அப்பால், தொட்டியில். விளிம்பு வரை நின்றது. ஆக, பேசினை உடைத்து மாற்றினாலும் ஒரு சல்லிக்குப் பயன் இல்லை.

சரி, தொட்டி எங்கே? யாருக்கும் தெரியவில்லை. வரைபடம் இல்லை. தலைமையாசிரியர் மாற்றலாகி வந்தவர். கடைசி மேன்ஹோலிலிருந்து குழாய் போகும் திசையில் நேர்கோடு பிடித்து, இரும்புக் கம்பியால் ஓரடிக்கு ஓரடி தட்டிக்கொண்டே போனோம். வெற்றிடத்தின் மேல் தட்டினால் சத்தம் மாறும். புல் ஓரிடத்தில் மட்டும் கரும்பச்சையாக இருந்தாலும் சந்தேகப்படலாம். கோடு நேராகப் போய்ச் சபைகூடல் மேடையில் முட்டியது. சிற்றுண்டிச்சாலையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த பாட்டி அப்போதுதான் வாயைத் திறந்தார். "அந்த மேடைக்குக் கீழதான் ஐயா இருக்கு. கட்டும்போதே சொன்னேன், யாரு கேட்டா." மேடையும் ஒரு நன்கொடைதான். பளிங்குக் கல்லில் பெயர்களெல்லாம் இருக்கின்றன.

மேடை ஓரத்தில் இரண்டடிக்கு இரண்டடி கான்கிரீட்டை வெட்டி எடுக்க மூன்று மணி நேரம். மூடியைத் திறக்கும் முன் பிள்ளைகளை அப்புறப்படுத்திக் கயிறு கட்டினோம். திறந்ததும் யாரும் குனிந்து எட்டிப் பார்க்கக் கூடாது, சிகரெட் கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடும் மீத்தேனும் உள்ளே தங்கியிருக்கும். முன்னது அதிகமானால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. ஆள் விழுந்த பிறகுதான் தெரியும். எந்தக் காரணத்துக்கும், விழுந்தவரைத் தூக்கவும்கூட, யாரும் உள்ளே இறங்கக் கூடாது. கம்பை விட்டு அளந்தோம். மேலே ஒரு சாண் கெட்டித்துப்போன ஏடு, கீழே முக்கால்வாசி சேறு, நடுவே கொஞ்சம் தண்ணீர். வெளியேறும் பக்கத்து டி-குழாயில் மாதவிடாய்ப் பேட்கள் ஊறி உப்பி அடைத்திருந்தன.

தொட்டியின் அளவு சிறிதா என்றால் இல்லை. மலேசியக் கணக்கில் பகல்நேரப் பள்ளியின் ஒரு மாணவர் 0.2 ஆளுக்குச் சமம். 96 பேருக்கு ஏறத்தாழ 20 ஆள். ஆளுக்கு 225 லிட்டர் வீதம் 4,500 லிட்டர் வேண்டும். உள்ளளவு 1.2 மீட்டர், 2.5 மீட்டர், நீராழம் 1.5: சரியாக 4,500. கட்டியவர் கணக்குத் தெரிந்தவர். அதற்குப் பிறகு யாரும் உறிஞ்சி எடுக்கவில்லை என்பதுதான் கோளாறு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எடுக்க வேண்டும் என்பது விதி. சேறு நிரம்பிய தொட்டியில் அழுக்கு படிய நேரமில்லை, அப்படியே அடுத்த குழாய்க்குத் தாண்டிவிடும். இந்தப் பக்கமோ கடலோரக் களிமண். மழை நாளில் தரை ஒரு சொட்டுக்கூட உறிஞ்சாது. கீழே போக வழியில்லாத தண்ணீர் பேசினுக்குத் திரும்புகிறது.

உறிஞ்சும் லோரி மூன்றரைக்கு வந்தது. வாசலில் அழகான வளைவு. லோரி அதைவிட உயரம். வெளியே நிறுத்திக் குழாயை இழுத்தார்கள்: 30 மீட்டர். தேவை நாற்பதுக்கு மேல். ஓட்டுநர் மலாய்க்காரப் பையன், கோபிக்கவில்லை. "எஸோக் லா, பாங்" (நாளைக்குப் பார்ப்போம், அண்ணே) என்று சிரித்துவிட்டுப் போனான். லோரியைக் கூப்பிடும் முன் அது நிற்கக்கூடிய இடத்திலிருந்து மூடி வரை அடியளந்து சொல்லிவிட்டால் இந்த அலைச்சல் மிச்சம்.

உடம்பெல்லாம் அந்த வாடை. கடையில் எங்களை வெளி மேசைக்கு அனுப்பினார்கள். நியாயம்தான்.

ஜூலை 16, புதன். புக்கிட் மெர்தாஜாம் தாண்டி

காலையில் பையன் கூடுதல் குழாயோடு வந்து உறிஞ்சி முடித்தான். முடித்த கையோடு தொட்டியில் தண்ணீர் நிரப்பினோம். நிலத்தடி நீர் மேலே நிற்கும் ஊரில் வெறுந்தொட்டியை நீர் கீழிருந்து தூக்கிவிடும். ஃபைபர் தொட்டி என்றால் மிதந்தே வந்துவிடும். வெட்டிய இடத்தில் மறுபடி கான்கிரீட் ஊற்றாமல் கைப்பிடி வைத்த இரும்பு மூடி போடச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். வழியில் செண்டோல், 4 வெள்ளி. பனைவெல்லம் தாராளம்.

இன்று பார்த்த இரண்டாவது பள்ளிக்குத் தொட்டிப் பிரச்சினை இல்லை, தண்ணீர்ப் பிரச்சினை. குழாயின் கடைக்கோடி, பகலில் அழுத்தம் இறங்கிவிடுகிறது. இங்கும் ஏறத்தாழ நூறு பேர்தான். கைகழுவ, குடிக்க ஆளுக்கு 5 லிட்டர். ஃப்ளஷ் தொட்டி வைத்தால் அதற்கு மேல் 10 முதல் 20 லிட்டர். சொம்பால் ஊற்றும் வகை என்றால் 1.5 முதல் 3, கழுவ 1 அல்லது 2. அதாவது ஃப்ளஷ் என்றால் நாளுக்கு 2,500 லிட்டர் வரை போகும், ஊற்றும் வகைக்கு 1,000 போதும். கூரைமேல் இருப்பது ஒரு 400 காலன் தொட்டி, சுமார் 1,800 லிட்டர். ஃப்ளஷுக்கு அது ஒரு நாளைக்கே காணாது. 2024 ஜனவரியில் சுங்கை டுவா தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்ற நான்கு நாள் வரை மாநிலத்தின் பெரும்பகுதிக்குத் தண்ணீர் நின்றதே, அதைத் தாக்குப்பிடிக்க ஊற்றும் வகையும் இரண்டு 400 காலன் தொட்டியும் இருந்தால் ஏறக்குறையச் சமாளித்துவிடலாம். ஆனால் வாரியத்துக்கு ஃப்ளஷ் பொத்தான்மேல் ஓர் ஆசை. நவீனமாம். அழுத்தம் இல்லாத ஊரில் ஃப்ளஷ் பொத்தான் வெறும் அலங்காரம்.

இருக்கிற ஃப்ளஷ் தொட்டிகளில் எது ராத்திரி முழுக்கக் கசிகிறது என்று கண்டுபிடிக்க, சிற்றுண்டிச்சாலை அக்காவிடம் சிவப்பு சிராப் வாங்கித் தொட்டிக்குள் இரண்டு கரண்டி விட்டோம். ஃப்ளஷ் செய்யாமல் கால்மணி நேரம் விட்டதும் ஐந்தில் இரண்டு பேசின்கள் சிவந்தன. அடி ரப்பரை மாற்றினால் போதும், 8 வெள்ளி. "என் சிராப்பை இதுக்கா கேட்டீங்க!" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

தரைத் தொட்டியில் கொசுப்புழு நெளிந்தது. அபேட் மணல் (கொசுப்புழுக் கொல்லி) 10 லிட்டருக்கு 1 கிராம். வாரம் ஒருமுறை காலி செய்து சுவரைத் தேய்த்துக் கழுவினால் அதுவும் தேவையில்லை. டிங்கிக் கொசுவின் முட்டை சுவரில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது.

கைகழுவும் இடத்தில் குழாய் ஆறு, சவர்க்காரம் பூஜ்யம். கட்டி வைத்தால் காணாமல் போகிறது, பம்புப் போத்தலை உடைத்துவிடுகிறார்கள் என்றார்கள். வழி சுலபம்: ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தலில் 30 கிராம் துணி சோப்புத்தூள், மூடியில் ஆணியால் ஓர் ஓட்டை, கழுத்தில் கயிறு கட்டிக் குழாயோடு தொங்கவிடுவது. ஒரு தடவைக்கு 5 மில்லி என்றால் 300 தடவை வரும். நூறு பேர் நாளுக்கு மூன்று தடவை கழுவினாலும் ஒரு போத்தல் போதும். ஒரு கிலோ தூளில் 33 போத்தல். ஆக ஒன்றரை மாதப் பள்ளி நாட்களுக்கு ஒரு பொட்டலம், 6 வெள்ளி. அதை யாரும் திருடிக்கொண்டு போவதில்லை. கோவிட் காலத்தில் மிஞ்சிய கைத்தெளிப்பானை இன்னும் வைத்திருந்தார்கள். கை கால் வாய்ப்புண் கிருமிக்கு அது சரிப்படாது. சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும்தான். குடற்புழுவும் அப்படியே. பள்ளிகளில் பூச்சி மருந்து கொடுக்கும் தேசியத் திட்டம் 1983-இல் நின்றுபோனது. தோட்டப்புறத்தில் புழு நிற்கவில்லை.

ஜூலை 17, வியாழன். முதல் பள்ளி, வாரியக் கூட்டம்

காலையில் தாதி அக்கா ஐந்தாம் ஆறாம் ஆண்டுப் பெண் பிள்ளைகளோடு கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். எங்களுக்கு அனுமதியில்லை. வெளியே வந்து சொன்னது: "ஆரம்பப்பள்ளிக்கு எதுக்கு பேட் குப்பைத்தொட்டின்னு கேக்குறாங்க. பத்து வயசுலயே வந்துடுது சார்." குப்பைத்தொட்டி வெளியே தாழ்வாரத்தில் இருக்கிறது. பையன்கள் பார்க்க அங்கே கொண்டுபோய்ப் போடும் பிள்ளை இல்லை. அதனால்தான் பேசினுக்குள் போகிறது, டி-குழாயை அடைக்கிறது. ஒவ்வோர் அறைக்குள்ளும் கால்மிதி மூடித்தொட்டி, 18 வெள்ளி. கதவில் பை மாட்ட ஒரு கொக்கி, மடிக்கப் பழைய நாளிதழ். அவசரத்துக்கான பேட்களை ஆலோசக ஆசிரியை அறையில் பூட்டி வைக்காமல் கழிவறைக்குள்ளேயே ஒரு டப்பாவில் வைப்பது. காணாமல் போகுமே என்றார் ஒருவர். போனால் தேவைப்பட்டவள்தான் எடுத்திருப்பாள் என்றார் அக்கா.

காலில் பிரேஸ் போட்ட பையன் ஒருவன் இருக்கிறான். அவனை ஒரு தோழன் தோளில் தாங்கிக் கூட்டிப் போகிறான். ஓர் அறையில் மட்டும் உட்காரும் பேசின், 75 செ.மீ. உயரத்தில் சுவரில் ஊன்றிய கைப்பிடி, 90 செ.மீ. கதவு, வாசலில் 12-க்கு 1 சாய்தளம். மற்றவை குந்தும் வகையாகவே இருக்கட்டும். உட்காரும் பேசின்மேல் சின்னப் பிள்ளைகள் ஏறிக் குந்தி உடைப்பது எல்லாப் பள்ளியிலும் நடக்கிறது.

துப்புரவு அக்காவின் அலமாரியில் பிளீச்சும் அமிலக் கழுவியும் பக்கத்தில் பக்கத்தில். இரண்டையும் சேர்த்து ஊற்றினால் இன்னும் வெளுக்கும் என்று நினைத்திருக்கிறார். குளோரின் வாயு வரும். கண் எரிந்தது என்று அவரே சொன்னார். சிறுநீர்க் கறைமேல் பிளீச்சும் ஆகாது. கறைக்கு வாரம் ஒருமுறை புளிக்காடி (வினிகர்) ஊற்றி ஊறவிட்டுத் தேய்த்தால் போதும். தினமும் தரைக்குச் சோப்புத்தூள். வாந்தி, பேதி என்றால் மட்டும் 5 சதவீத பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது. பிளீச்சை வாளி வாளியாகக் கொட்டினால் தொட்டியில் வேலை செய்யும் நுண்ணுயிர்களும் சாகும். ஆண்டிறுதி விடுமுறையில் நாற்றம் ஏறுவது தரைப்பொறியில், அதாவது தரை வடிகாலின் வளைவுக் குழாயில், தண்ணீர் வற்றுவதால். பூட்டும் முன் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் வற்றாது. பிள்ளைகளைத் தண்டனையாகக் கழிவறை கழுவவிடும் பழக்கத்தையும் நிறுத்தச் சொன்னோம். நம் ஆட்களிடம் அது வெறும் தண்டனையாக நிற்பதில்லை, ஏன் என்று எல்லோருக்கும் தெரியும்.

மாலை கூட்டம். வடை, கோப்பி, இருபது நாற்காலி. எங்கள் பட்டியல்: தாழ்ப்பாள், கொக்கி, குப்பைத்தொட்டி, ஓர் அறையை மாற்றிக் கட்டுவது, தொட்டிக்கு மூடி. எல்லாம் சேர்த்து நன்கொடையில் ஆறில் ஒரு பங்குகூட வரவில்லை. மீதியை வங்கியில் போட்டு, இரண்டாண்டுக்கு ஒருமுறை லோரிக்கும், மாதாமாதம் சவர்க்காரம், பேட், பழுதுக்கும் எடுக்கலாம் என்றோம். ஒரு பெரியவருக்கு மனசு ஆறவில்லை. "லோரிக்குக் காசு கொடுத்தேன்னு எங்கய்யா கல்லு பதிக்கிறது?" நன்கொடையாளர் கட்டடம் கேட்கிறார், படம் எடுக்கத் திறப்பு விழா கேட்கிறார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அடுத்த தடவை கேட்கப் போக வேண்டுமே. பேச்சு ஒன்பதரை வரை இழுத்தது. கடைசியில் பெயர்ப்பலகை கைகழுவும் இடத்துக்கு மேலே என்று ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பெயருக்குக் கீழே லோரி வந்த தேதியையும் அடுத்த தேதியையும் பெயிண்டில் எழுத வேண்டும் என்று தலைமையாசிரியர் ஒரு போடு போட்டார். எழுதுவது யார் செலவு என்பதில் மறுபடி பேச்சு ஆரம்பித்தது. நாங்கள் வேனுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டோம்.